வெளுத்துப்போன வானம்

பொண்டாட்டி இடுப்பெலும்பு உடைந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். புருஷன் சாயங்காலம் ஐந்தரை அடித்தால் அவளுடைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். வானத்தைப் படம் பிடிக்க.

அக்காவுக்குத் துணையாக வந்திருந்த தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா லேசுப்பட்டவள் இல்லை. இருபது வருஷமாகப் பத்திரிகைகளுக்கு வானமும் மலையும் எடுத்துக் கொடுத்தவள். நாலு மாதம் முன்னால், ஏரிக்கரைப் பாறையில் ஒரு நல்ல மேகத்துக்காகப் பின்னால் நகர்ந்தபோது சறுக்கி விழுந்தாள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. எலும்பு கூடிவிட்டது. தைரியம்தான் கூடவில்லை.

இன்னும் ஒரு மாதத்துக்குள் எழுந்து நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் கால் இப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வந்த பெண் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள். "விழுந்துடுவேன்" என்பதைத் தவிர அக்கா வாயிலிருந்து வேறு பேச்சில்லை.

இந்த லட்சணத்தில் அத்தானுக்கு வானம் கேட்கிறது.

எடுத்த படமாவது உருப்படியா? முதல் நாள் கொண்டுவந்து காட்டியதில் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"இருட்டா இருக்கிற சுவரைப் பார்த்து வெளிச்சம் அளந்தா வானம் வெளுக்காம என்ன செய்யும்? மேகத்துப் பக்கம் திருப்பி அளங்க" என்றாள் அக்கா, படுத்தபடியே.

நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மறுநாளும் அதே வெளுப்பு. கூடவே அடிவானம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. படுத்துக்கொண்டு பார்த்தால் கேமராத் திரை சரியாகத் தெரியவில்லை என்று அக்கா சிடுசிடுத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் கழித்து வானம் ஒருவழியாகத் தேறியது. ஆனால் அடிவானம் நட்ட நடுவில். படத்தை ரெண்டாக வெட்டிவிட்டதாக அக்கா திட்டினாள். வானம்தான் விஷயம் என்றால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு விடவேண்டாமா என்று கேட்டாள். அத்தான் மண்டையைச் சொறிந்தார்.

அடுத்த வாரம் வெளுப்பு திரும்பி வந்தது, தண்ணீர்த் தொட்டியையும் கூட்டிக்கொண்டு. அக்காவுக்குத் தாங்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை வந்துவிட்டாள். "அதோ, அவ்வளவு அழகான மேகம். அதை விட்டுட்டு இந்தத் தொட்டியை எதுக்கு எடுத்தீங்க?"

படுத்திருப்பவளை இப்படியா படுத்துவது? தங்கை சமையலறையில் அத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபது வருஷம் அக்கா பின்னாடி கேமரா ஸ்டாண்டைத் தூக்கிட்டு அலைஞ்சீங்களே அத்தான், ஒண்ணுகூடவா மண்டையில ஏறல?"

"எனக்கு எங்கேம்மா அதெல்லாம் வரும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மாதம் முடிந்ததும் அக்காவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகப்போவதாக முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதுவரைக்கும் பொறு என்றார், அவ்வளவுதான்.

கெடு முடிய மூன்று நாள் இருந்தது. அன்று மழை விட்டு மேற்கே மேகம் அடுக்கடுக்காகக் குவிந்து, இடுக்கு வழியே வெயில் வழிந்துகொண்டிருந்தது. அக்கா ஜன்னலில் நின்று காத்திருந்தாள்.

அத்தான் இறங்கி வந்து படத்தைக் காட்டினார். வெளுத்த வானம். சரிந்த அடிவானம். பாதிப் படத்துக்குப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி.

 அக்கா கையை நீட்டினாள்.

"கொடுங்க அதை. இந்த வானத்தை நீங்க கொலை பண்றதைப் பார்க்கிறதுக்குப் பதிலா நான் விழுந்தே தொலைக்கிறேன்."

மொட்டைமாடிக்குப் பதினெட்டுப் படி. வேண்டாம் அக்கா என்று தங்கை பின்னாலேயே ஓடினாள். அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். அத்தான் தொடாமல், தொடும் தூரத்திலேயே வந்தார். பதினெட்டாவது படியில் அக்கா நின்று மூச்சு வாங்கினாள். விழவில்லை.

மேகத்தின் பளிச்சென்ற ஓரத்தைப் பார்த்து வெளிச்சம் அளந்தாள். அடிவானத்தைக் கீழே இறக்கினாள்.

"நீங்க அந்த மூலையில போய் நில்லுங்க. வானம் எவ்வளவு பெருசுன்னு தெரியணும்னா கீழே யாராவது சின்னதா நிக்கணும்."

அத்தான் போய்ச் சின்னதாக நின்றார்.

"பார்த்தீங்களா? இதுக்குப் பேர்தான் படம்" என்று காட்டியபோது அக்காவின் கன்னம் நனைந்திருந்தது. தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அக்கா தானே நடந்து போய் டாக்டர் எதிரே நின்றாள். டாக்டர் எழுந்து கை கொடுத்தார்.

மறுநாள் காலை. துவைக்கப் போகும்போது அத்தானின் சட்டைப் பையில் தங்கைக்கு ஒரு மெமரி கார்டு கிடைத்தது. என்னவோ ஏதோ என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

இருபத்தேழு படங்கள். இருபத்தேழு சாயங்காலங்கள். ஒன்றில்கூட வானம் வெளுக்கவில்லை, அடிவானம் சரியவில்லை. கடைசிப் படத்தில் அதே மழை மேகம், அக்கா எடுத்ததற்கு இம்மியும் குறையாமல்.

"அத்தான், இதெல்லாம்..."

அவர் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே அக்கா நடக்கும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தக் கார்டை எங்கேயாவது ஒளிச்சு வைம்மா. அடுத்த வாரம் அவ விழுந்த பாறைக்குப் போய், ரொம்ப மோசமா ஒரு படம் எடுத்துட்டு வரணும்."