இரண்டு அளவு சிறியது

“இதைவிட ஒரு அளவு சின்னதா குடு, இஸ்மார்” என்றார் அத்தை.

கடைக்காரர் இஸ்மார் என்னைப் பார்த்தார். நான் கரகோல் சந்தையின் சேற்றைப் பார்த்தேன்.

அத்தையை அப்படிக் கேட்க வைத்தவள் நான்தான். “லூசா இருந்தா சேத்துல மாட்டிக்கும் அத்தை” என்று சற்று முன்புதான் காதில் ஓதியிருந்தேன்.

என் மாமியார் காலிபாவின் பழைய கலோஷ் கிழிந்துவிட்டது. அந்தக் கறுப்பு ரப்பர் ஷூவை எங்கள் கிர்கிஸ்தான் ஊர்ப் பெரியவர்கள் தோல் காலுறைக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள். அதையே சின்ன அளவில், வெறுங்காலில், பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறவர்கள் பாறை ஏறுகிறவர்கள் மட்டும்தான். பாறை ஷூ வாங்க வசதியில்லாத எங்களுக்கு அதுதான் கதி. பாறையை நன்றாகவே பற்றிக்கொள்ளும்.

மலையேறும் சாமான் விற்கும் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போன பழைய ஷூக்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் என் இரண்டு காலையும் சேர்த்து விடலாம். என் அளவில் இருந்த ஒரே புது ஜோடியின் விலைக்கு ஓர் ஆட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜோடியாகப் பாறை ஏறும் போட்டி. கயிறும் இடுப்புப் பட்டையும் கிளப்பில் தருவார்கள். ஷூ மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பாறையைத் தொடவே இல்லை. இந்தத் தடவையும் போகாவிட்டால் என் ஜோடி மீரிம் வேறு ஒருத்தியோடு ஏறிவிடுவாள். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கணவர் “அம்மா சரின்னா எனக்கும் சரி” என்று கழன்றுகொண்டார்.

அந்த அம்மாவிடம் யார் கேட்பது? வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் தேநீர் ஊற்றலாம், மாடு கறக்கலாம். கயிறு கட்டிக்கொண்டு பாறையில் தொங்கப் போகிறேன் என்று வாயைத் திறக்க முடியுமா?

ஆனால் எனக்கும் அத்தைக்கும் ஒரே கால் அளவு. அதனால்தான் இந்தத் திட்டம். ஒரு அளவு சின்னதாக வாங்கினால் அத்தை அதைக் காலுறையோடு சற்று இறுக்கமாகப் போட்டுக்கொள்ளலாம். வெறுங்காலில் எனக்கும் ஓரளவு நிற்கும். ஞாயிறு காலை பால் கொடுக்கப் போகிற சாக்கில் அதை மாட்டிக்கொண்டு நழுவிவிடலாம்.

இஸ்மார் எடுத்துக் கொடுத்தார். அத்தை அதன் முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

“இன்னும் ஒண்ணு சின்னது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஓதியது கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது.

“அக்கா, உங்க தெருவே என்கிட்டதான் வாங்குது. நீங்க நொண்டிக்கிட்டுப் போனா அடி எனக்கு விழும்” என்றார் இஸ்மார்.

“கால் என்னோடது. நீ எடு.”

அத்தை அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். நடுச் சந்தையில் தோல் காலுறையைக் கழற்றினார். வெறுங்காலைக் கலோஷுக்குள் திணித்தார். குதிகால் உள்ளே போக மறுத்தது. முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. கடைசியில் ஒரு சத்தத்தோடு கால் உள்ளே போய்ச் சேர்ந்தது.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. போட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

“அத்தை, வேண்டாம். எப்பவும் வாங்குற அளவே வாங்கிடலாம்” என்றேன். சொல்லும்போதே ஞாயிற்றுக்கிழமை கையைவிட்டுப் போனது தெரிந்தது.

“நீ சும்மா இரு” என்று அத்தை காசைக் கொடுத்துவிட்டு, அந்தக் கலோஷோடேயே நடக்க ஆரம்பித்தார்.

நேராகப் போயிருந்தாலும் பரவாயில்லை. மிளகாய்த்தூள் கடையில் நின்றார். ரொட்டிக் கடையில் நின்றார். தெரிந்த முகம் தென்பட்ட இடத்திலெல்லாம் நின்று, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். “எனக்குத்தான் வாங்கினேன். எப்படி இருக்கு?”

நான் காலுறையும், பழைய கலோஷ் போட்ட பையுமாகப் பின்னால் போனேன்.

ரொட்டிக் கடையில் பக்கத்து வீட்டு துர்சுனாய் இருந்தார். அவரிடம் ஒரு விஷயம் சொன்னால் தெரு முழுக்கச் சொன்ன மாதிரி.

“என்ன காலிபா, வயசு குறையுதா, கால் குறையுதா?”

“ரெண்டும்தான்டி. கண்ணு வைக்காதே.”

சந்தை முனையில் குளிர்ந்த நூடுல்ஸ் விற்கும் கடைக்கு வந்ததும் அத்தை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டு கிண்ணம் சொன்னார். முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு கலோஷ் இரண்டையும் உருவி என் மடியில் போட்டார்.

தோல் காலுறையை வாங்கி மாட்டிக்கொண்டார். பையிலிருந்து பழைய கலோஷை எடுத்து அதன் மேல் மாட்டிக்கொண்டார். கிழிசல் அப்படியொன்றும் பெரிதில்லை.

“புதுசு, கடிக்குது” என்றார். “நீ போட்டு எனக்குக் கொஞ்சம் தளர்த்திக் குடு.”

“சரி அத்தை” என்றேன். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கிண்ணங்கள் வந்தன. அத்தை என் முகத்தைப் பார்க்காமல் நூடுல்ஸில் மிளகாய் விழுதைக் கலக்கினார்.

“நீ கடை கடையா ஏறி ஷூ தேடினது என் காதுக்கு வராதா? வீட்டுக்குள்ள நடந்தா இது தளராதாம். பாறையில ஏறினாத்தான் தளருமாம். ஞாயித்துக்கிழமை போயிட்டு வா.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“சாப்பிடு. யாராவது கேட்டா, மாமியார் வேலையா வந்தேன்னு சொல்லு.”