பின்சுவரில் ஒரு மூட்டை

"காஞ்சிபுரத்துக்கு இதுவரைக்கும் மூணே பெருமைதான். கோயில், பட்டு, இட்லி. நாலாவது நான்."

தெருக்கூட்டத்தில் இதை அறிவித்தபோது பரசுராமன் முகத்தில் சிரிப்பு இல்லை. கேட்டவர்களுக்குச் சிரிக்கத் துணிச்சல் இல்லை.

ஓரிக்கையில் வீடுகளுக்கு நடுவே முளைத்த டேட்டா சென்டரை விரட்டும் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஜான்சன் செயலாளர். அந்தக் கட்டடம் ராப்பகலாக உறுமியது. தெருவின் போர்வெல் தண்ணீரை உறிஞ்சியது. பின்சுவரில் இருந்த ராட்சத மின்விசிறிகள் வழியாகச் சூட்டுக் காற்றை ஊதியது.

குழு கொடுத்த மனுவை விசாரிக்க மறுநாள் காலை அதிகாரி வருகிறார். "சின்னக் கலாட்டா நடந்தாலும் மனு அம்பேல்" என்று வக்கீல் எச்சரித்திருந்தார்.

அந்தச் சூட்டுக் காற்றில் ஈரப் புடவையைக் காயப்போட்டிருந்த குழு உறுப்பினர் எல்லம்மாளைப் பரசுராமன் கூட்டத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"எதிரி வுடுற மூச்சுல புடவை காய வெக்கிறியே, ரோஷம் இருக்குதா உனக்கு?"

"ரோஷம் இருக்குதுபா. காஞ்ச புடவைதான் இல்ல."

எல்லம்மாள் குழுவிலிருந்து அந்த நிமிடமே நீக்கப்பட்டாள்.

அன்று பொழுது சாயும் நேரம். துணி சுற்றிய கனமான உருண்டை ஒன்றை இரு கையாலும் அணைத்தபடி, பிள்ளைத்தாய்ச்சி நடையில் பரசுராமன் பின்சுவர்ப் பக்கம் போவதை ஜான்சன் பார்த்தான். 'அந்தக் கட்டடத்தை என்ன பண்றேன் பாரு' என்று அவர் போன வாரம் பல்லைக் கடித்தது ஞாபகம் வந்தது. ஓடினான்.

"தலைவரே, வேணாம்! நாளைக்கு விசாரணையை வெச்சிக்கினு..."

"அதுக்காகத்தான்டா." பரசுராமன் மூட்டையை மின்விசிறிக்கு நேராக, பூப்போல இறக்கினார். "கத்தாதே. கிட்ட வராதே."

"உள்ள இருக்கிற ஜனம் என்னா ஆவறது?"

"அவங்க எப்படிப் போனா நமக்கென்னா? அதிகாரி வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

ஜான்சன் கர்த்தரைக் கூப்பிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, துணியைப் பிடுங்கினான்.

ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தான்.

குண்டான். குண்டான் நிறைய இட்லி மாவு.

"மார்கழிக் குளிர்டா. வீட்ல பொங்கவே மாட்டேங்குது," என்றார் பரசுராமன், அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "வர்ற அதிகாரிக்கு மூங்கில் குடலையில அவிச்ச நம்மூரு இட்லி வெக்கலைன்னா ஊர் மானம் என்னா ஆவறது?"

ஜான்சன் பிடுங்கிய துணியைக் கையில் பிடித்தபடியே மாவைப் பார்த்தான்.

"சும்மா நிக்காதே. எல்லம்மா புடவையைக் கொஞ்சம் அந்தாண்ட நகர்த்துபா, என் குண்டானுக்குக் காத்தே வரல."