கொடிக்கு முன்னால் ஒரு சிலுவை

இந்தக் காலத்து ஆட்களுக்கு மலை ஏறத் தெரிகிறது, இறங்கத்தான் தெரியவில்லை. ஏறும்போது எறும்பு மாதிரி வரிசையாகப் போகிறார்கள். இறங்கும்போது கரிய சாம்பல் சரிவில் கூச்சல் போட்டுக்கொண்டு சறுக்கி ஓடி வருகிறார்கள். ஃபோகு தீவின் எரிமலைக்கு வருகிற எல்லாருக்கும் இதே பைத்தியம்.

சரிவின் அடியில், சாம்பலைக் குழித்து நட்ட திராட்சைக் கொடிகள் தரையோடு படர்ந்து கிடந்தன. போன தடவை மலை பொங்கியபோது மற்றதையெல்லாம் நெருப்புக் குழம்பு விழுங்கிவிட்டது. கிழவருக்கு மிஞ்சியது இந்தத் துண்டு மட்டும்தான். பழம் கறுக்கிற நேரம். ஒரு கூட்டம் மிதித்தால் போதும், இந்த வருஷத்துச் சோறு போச்சு.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முறைத்தபடி நின்றார்.

ஓடி வந்த கூட்டம் சட்டென்று நின்றது. கொடிகளுக்கு முன்னால் ஒரு கற்குவியல், அதன்மேல் மரச்சிலுவை. சிலுவையில் கோணல் எழுத்தில் ‘பெலார்மீனு’.

வழிகாட்டி வால்தீர் தொப்பியைக் கழற்றினான். “ஊரே காலி பண்ணி ஓடினப்போ, கொடியை விட்டு வரமாட்டேன்னு இங்கேயே நின்ன மனுஷன்.” அவன் குரல் தழுதழுத்தது. “அதுக்கப்புறம்...” மேலே சொல்லாமல் மலையைப் பார்த்தான்.

பாதிரியாராகப் போகவேண்டிய பயல் என்று கிழவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழவரிடம் வந்தாள். அவள் கேட்டதையெல்லாம் வால்தீர் அவருக்குச் சொன்னான்.

“இவரை உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க.”

“நல்லாவே.”

“எப்படிப்பட்டவராம்?”

“வாய் மோசம். ஒருத்தரையும் நம்ப மாட்டான்.”

“செத்த வருஷம் ஏன் போடலையாம்?”

“எழுதினவனுக்கு அந்தப் பேர் ஒண்ணுதான் எழுத வரும்.”

அவள் குனிந்து குவியலில் ஒரு கல் வைத்தாள். இன்னொருவர் தான் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டில் பாதியை வைத்தார். பிறகு மொத்தக் கூட்டமும் தலையைக் குனிந்து, நுனிக்காலில், கொடிகளைச் சுற்றிக்கொண்டு போனது. நடுவில் இருமியவனை நாலு பேர் முறைத்தார்கள்.

வால்தீர் பின்தங்கினான். “பாத்தீங்களா, ஒரு இலைகூட நசுங்கல. பறிப்பு முடியற வரைக்கும் நான் பொறுப்பு. என்னை நம்புங்க.”

“உன்னையா? நேத்து வரைக்கும் இதுங்களைக் கொடிமேல ஓட்டிட்டு வந்ததே நீதானடா.”

கிழவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

“நான் உயிரோட நின்னு கத்தினப்போ ஒருத்தனும் சுத்திப் போகலையே.”