வாரம் ஒரு சந்தேகம்

இந்தச் சனிக்கிழமையும் அவர் வந்துவிட்டார்.

நீச்சல் குளத்தின் ஓரத்தில் காற்று சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டிருந்த பயிற்சியாளருக்கு, அவரைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங் சொல்லித்தரும் இடம் அது. ஐந்து வாரமாகத் தவறாமல் வரும் அந்த மனிதர், தண்ணீரில் காலைக்கூட நனைத்ததில்லை. பெஞ்சில் உட்காருவார், ஒரே ஒரு சந்தேகம் கேட்பார், பதிலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வகுப்பில் அவருக்கு 'சந்தேகம் சார்' என்றே பெயர். வைத்தவர் பயிற்சியாளர்தான்.

முதல் வாரம், நீச்சலில் புலியாக இருந்தால்தானே இதெல்லாம் முடியும் என்றார். சுமாராக நீந்தி, கொஞ்ச நேரம் மிதக்கத் தெரிந்தால் போதும் என்றார் பயிற்சியாளர். அடுத்த வாரம் கண்ணாடி. பவர் போட்ட மாஸ்க்கே கிடைக்கிறது என்றதும் சாரின் முகம் தொங்கிப்போனது. அப்புறம் காதுவலி. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காது அடைக்காது என்று செய்தே காட்டினார். போன வாரம் சுறா.

"சுறா கடிச்சு இங்க யாரும் லீவு போட்டதில்ல சார். தெருநாய் கடிச்சு ரெண்டு பேர் போட்டிருக்காங்க" என்றதும் வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை.

சரியான பயந்தாங்கொள்ளி, சேராமல் இருக்கச் சாக்குத் தேடுகிறார் என்று பயிற்சியாளர் முடிவுகட்டியிருந்தார்.

"இன்னிக்கு என்ன சார்?"

"நாப்பது வயசுக்கு மேல இதெல்லாம் உடம்புக்கு ஆகாது, இல்லையா?"

பயிற்சியாளர் குளத்துக்குள் நின்ற ஒரு பெண்மணியைக் காட்டினார். "அந்தம்மாவுக்கு அறுபத்திரண்டு. டாக்டர் சரின்னுட்டா வயசெல்லாம் கணக்கே இல்ல."

சார் அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். பயிற்சியாளருக்குப் பொறுமை போய்விட்டது.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க சார். எதுக்கு இத்தனை சாக்கு?"

சார் சட்டைப் பையிலிருந்து, மடிப்பில் நைந்துபோன ஒரு தாளை எடுத்து நீட்டினார். இந்தப் பயிற்சிக்கான விண்ணப்பம்தான், பழைய அச்சு. பெண், வயது முப்பத்தாறு, கண்ணாடி உண்டு, நீச்சல் சுமார் என்று உருண்டை எழுத்தில் நிரப்பியிருந்தது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில், 'என் வீட்டுக்காரர்.'

"என் சம்சாரம் எழுதினது. வருஷா வருஷம் கேட்பா. நானும் வருஷத்துக்கு ஒண்ணு சொல்லித் தட்டிக்கழிச்சேன். அவளுக்கு நாப்பது வயசானதும், இனிமே எதுக்குன்னுட்டேன். அப்புறம் அவ கேட்கவே இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி தவறிட்டா. பீரோவை ஒழிக்கும்போது இது கிடைச்சுது."

தான் வைத்த பெயரை நினைத்துப் பயிற்சியாளர் கூசிப்போனார்.

"அப்ப இந்த அஞ்சு வாரமா நீங்க கேட்டது..."

"அவகிட்ட நான் சொன்ன அஞ்சு காரணம் தம்பி. அதுல ஒண்ணாவது நிஜமா இருந்துடாதான்னுதான் வந்தேன்."