பிழைத்த எலிகள்

ஈப்போ ஆய்வுக்கூடத்தில் ஒரு வருஷமாக இலைச்சாறு பிழிந்து கௌரிக்கு அலுத்துவிட்டது. பதினேழாவது சாறுதான் கிருமிகளைக் கொன்றது. நேற்று அதை ஆறு எலிகளுக்குக் கொடுத்திருந்தாள்.

இன்று காலை கூண்டைப் பார்த்தாள். ஆறும் துள்ளிக்கொண்டிருந்தன.

மாதக்கணக்கில் ஆறாத தொண்டைப்புண்ணுக்கு அவளும் இரண்டு கரண்டி குடித்தாள்.

"ஒண்டுகூடச் சாகேல்லை, அக்கா."

தரை கூட்டிக்கொண்டிருந்த கருப்பம்மாள் நிமிர்ந்தாள். "நான் வந்தப்ப அஞ்சு செத்துக் கெடந்துச்சும்மா, ஒண்ணு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. வெள்ளிக்கெழம அதுவுமா நீங்க செத்ததுங்க மொகத்துல முழிக்கக்கூடாதுன்னு, பக்கத்துக் கூண்டு எலிங்கள மாத்தி வுட்டேன்லா."

கௌரி கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எத்தினை மணிக்கு வந்தனீங்கள், அக்கா?"