நாற்பத்தொன்றாம் மரம்

பறக்கும் அணில்கள் பகலில் எந்தப் பொந்தில் தூங்குகின்றன என்று குறிப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சிறு ரேடியோ பட்டை இருக்கும்; அது அனுப்பும் ஒலியை ஆன்டெனாவில் பிடித்து மரத்தைக் கண்டுபிடிப்பாள். குளிர்காலத்தில் ஏழெட்டு அணில்கள் ஒரே பொந்தில் ஒண்டிக் கிடக்கும்.

போன வாரம் குளிருக்குச் சோம்பல்பட்டு, காட்டுக்குப் போகாமலே பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் மரத்துக்கு நேராக 'காலி' என்று எழுதினாள். காலி மரங்களை மட்டுமே வெட்டும் ஆட்கள் அதை நம்பி மரத்தைச் சாய்த்தார்கள். செத்த ஏழு அணில்களின் பட்டைகளையும் அவள் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். அவளே பேட்டரிகளைப் பிடுங்கிவிட்டு டப்பாவில் போட்டுப் பூட்டினாள்.

இன்று அந்த அடிமரத்தருகே நின்று ஆன்டெனாவைத் தூக்கினாள். ஏழு பட்டைகளும் ஒன்று விடாமல் ஒலித்தன. சத்தம் நேர் மேலே, பத்து ஆள் உயரத்தில், வெறும் காற்றிலிருந்து வந்தது.

"காலின்னே எழுதிடுங்கக்கா," என்றார் கூட வந்த ஜீப் டிரைவர். "அன்னிக்கு வண்டியே எடுக்காம எழுதினீங்களே, அதே மாதிரி."

அவள் அடிமரத்தில் உட்கார்ந்து, இந்த முறை நேரில் வந்தே 'காலி' என்று எழுதினாள்.

அந்த எழுத்தின் மேல், உயரத்திலிருந்து, கொறித்த கொட்டைத் தோல் ஒன்று வந்து விழுந்தது. பல் பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது.