நாற்பதாவது கல்யாண நாளுக்கு ஒரு தீவு

கைப்பேசித் திரை நான்கு கட்டங்களாகப் பிரிந்திருந்தது. மேலே மகனும் மகளும். கீழே அப்பாவும் அம்மாவும், நடுவில் ஒரு கறுப்புக் கோடு.

கல்யாண நாள் கொண்டாட்டத்துக்குத் தீவு என்று முடிவாகி மூன்று வாரமாயிற்று. கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு அது தெரிந்து மூன்று நிமிடம் ஆயிற்று.

"நாப்பது வருஷம்னா சும்மாவா? அமர்க்களமா பண்ணணும்மா" என்றான் மகன்.

அம்மாவுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. போன வருஷம் கைப்பேசியில் ஒரு கேக் படம் வந்ததோடு சரி.

கல்யாணத் தேதி மழைக்காலத்தில் வருகிறதாம். அப்போது தீவில் கடல் கலங்கலாக இருக்குமாம், படம் நன்றாக விழாதாம். அதனால் கொண்டாட்டத்தை நான்கு மாதம் தள்ளி, பெரிய விடுமுறையில் வைத்திருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் நாள் குறித்தவர்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லை பாருங்கள்.

மகன் திரையில் அட்டவணையை விரித்தான். கடலில் இறங்கும் விமானத்திலிருந்து கால் வைப்பது முதல் எல்லாம் நிமிடக் கணக்கில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, சட்டையில் அப்பா அம்மாவின் கல்யாணப் படம். மணல் திட்டில் கேக். மேலே பறந்து படமெடுக்க ஒரு டிரோன்.

பிறகு அறைகள் வந்தன.

மகனுக்கும் மருமகளுக்கும் கடலுக்கு மேல் கட்டிய வில்லா. தரை முழுக்கக் கண்ணாடி. கட்டிலில் படுத்துக்கொண்டே மீன் பார்க்கலாம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அதே போல இன்னொன்று. விழா நாயகர்களுக்குக் கரையில் இரண்டு அறை கொண்ட குடும்ப பங்களா. ஓர் அறையில் அம்மாவும் மகளின் குழந்தையும். மற்றதில் அப்பாவும் மகனுடைய இரண்டு வாண்டுகளும்.

குழந்தைக்குப் பாட்டி இல்லாமல் தூக்கம் வராது. வாண்டுகளுக்குத் தாத்தா இல்லாமல் வராது. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் எப்படித் தூக்கம் வரும் என்பது அட்டவணையில் இல்லை.

இரண்டு வருஷமாக நடப்பதும் இதே ஏற்பாடுதான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா மகள் வீட்டில். பேரன்களைப் பள்ளிக்குக் கொண்டுவிட அப்பா மகன் வீட்டில். இடையில் எட்டு மணி நேர ரயில் பயணம். இருவரும் பார்த்துக்கொள்வதெல்லாம் இந்தக் கறுப்புக் கோட்டுக்கு இரு பக்கமும் இருந்துதான்.

இந்த வாரம் பள்ளிக்கு மூன்று நாள் விடுமுறை. மகளின் மாமியாரும் பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்பா பழைய ஆபீஸ் நண்பர் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். லீவு கிடைத்ததே பெரிய விஷயம்.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். கேட்கலாமா வேண்டாமா என்று மென்று முழுங்கி, கடைசியில் கேட்டேவிட்டாள்.

"எனக்கும் அப்பாவுக்கும் ஒரே ரூம் கிடையாதாடா?"

மேல்கட்டங்கள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. இந்த வயசில் என்னம்மா என்று மகள் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். அம்மாவுக்கு அவமானமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தன் கட்டத்தில் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கோபம் வந்தால் அவர் செய்யும் அதிகபட்சக் கலவரம் அதுதான்.

பிள்ளைகளை அப்படி ஒரேயடியாகக் குறை சொல்லவும் கூடாது. இரண்டாம் நாள் மாலை ஐந்து நாற்பதிலிருந்து ஆறு பத்து வரை 'ஜோடிப் படம்' என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். கடற்கரையில் அப்பாவும் அம்மாவும் மட்டும், கைகோத்துக்கொண்டு, சூரியன் மறைகிற நேரத்தில். போட்டோகிராபர்கூட ஏற்பாடாகிவிட்டார்.

அந்த அரை மணி நேரம் குழந்தைகளை யார் பார்ப்பது என்று மகளுக்குத் திடீரென்று உறைத்தது. மகனும் மருமகளும் அப்போது கடலுக்கடியில் மீன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மசாஜ். சூரியனைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்பது ஒன்றைத்தான் பேசவில்லை. ஐந்தே நிமிடத்தில் வழி பிறந்தது. முதலில் அம்மாவைத் தனியாக எடுப்பது, அதுவரை அப்பா குழந்தைகளோடு இருப்பது. பிறகு அப்பாவைத் தனியாக எடுப்பது.

"அப்புறம் கம்ப்யூட்டர்ல சேத்துக்கலாம்மா. ஒட்டினதே தெரியாது" என்றாள் மகள்.

அம்மா சரி என்றாள். அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரி என்றார். மேல்கட்டங்கள் இரண்டும் பரம திருப்தியோடு அணைந்தன.

அம்மா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

குளியலறைக் கதவு திறந்தது. கையில் கைப்பேசியோடு அப்பா வெளியே வந்தார்.

இரண்டு போனும் ஒரே அறையில் இருந்தால் குரல் எதிரொலித்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, அரை மணி நேரமாக வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

லாட்ஜ் அறை சின்னதுதான். ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையமும் மழையில் நனையும் பஸ்களும். கட்டில் ஒன்றே ஒன்று. அன்றைக்கு அவர்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் நிறைந்திருந்தது. தேதியைத் தள்ளிவைத்த கையோடு, அது எந்தத் தேதி என்பதைப் பிள்ளைகள் மறந்தே போயிருந்தார்கள்.

மேனேஜர் கீழேயிருந்து போனில் கூப்பிட்டு, நாளைக் காலை அறையைக் காலி செய்கிறீர்களா என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். நாளை மறுநாள் பள்ளி திறக்கிறது. அன்றைக்கே மகளின் மாமியாரும் ஊருக்குக் கிளம்புகிறார்.

அம்மா அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, இன்னும் இரண்டு நாள் இருப்போம் என்றாள்.

பிறகு தன் கைப்பேசியை எடுத்து, பெரியம்மாவுக்குக் காய்ச்சல், விட்டுவிட்டு வர முடியாது என்று மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். தன் நண்பருக்கு என்ன வியாதியைக் கொடுக்கலாம் என்று அப்பா மும்முரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.